தலைப்பு கிராமம்தானே?



1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். 1920இல் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். நம் சொல்லை நாமே அச்சிட வேண்டும் என்று உணர்ந்த அந்தத் தலைமுறையின் வழிவந்த பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகங்களில் விஸ்காம், அனிமேஷன், டிஜிட்டல் கலை படிக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்த நினைவுநாளில் பேச விரும்புகிறோம்.

எங்கள் மன்றத்துக்கு வரும் மாணவி ஒருவர் சொன்னது இது. வகுப்பில் 'என் கிராமம்' என்று 5 நிமிடக் குறும்படம் எடுக்கச் சொன்னார்கள். மற்றவர்கள் கோயில், தேர், ஆலமரம், டீக்கடை என்று எடுத்தார்கள். இவர் காலனியில் தொடங்கி, சுடுகாட்டுக்குப் போக வழியில்லாமல் பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயல்வரப்பில் நடப்பதைப் பற்றி எடுத்தார். ஆசிரியர் பார்த்துவிட்டு, "நன்றாக இருக்கிறது. ஆனால் தலைப்பு கிராமம்தானே?" என்று கேட்டார். மதிப்பெண்ணுக்காக இவர் கோயிலை எடுத்துக் கொடுத்தார். ஆய்வகக் கணினியில் இடமில்லை என்று முதல் படத்தை அழித்தும் விட்டார்.

தான் தலைப்பைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றே அவர் இத்தனை நாள் நினைத்திருக்கிறார்.

தோழர்களே, அமெரிக்காவில் எம்.ஐ.டி. மீடியா லேபில் படித்த ஜாய் புவலாம்வினி என்ற கறுப்பின மாணவி, பார்ப்பவரின் முகத்தின்மேல் வேறொரு உருவத்தைக் காட்டும் கண்ணாடி ஒன்றைக் கலைத்திட்டமாகச் செய்தார். மென்பொருளுக்கு அவர் முகம் தெரியவில்லை. வெள்ளை முகமூடியை மாட்டியதும் தெரிந்தது. அவர் தன் முகத்தைக் குறைசொல்லவில்லை, மென்பொருளைச் சோதித்தார். டிம்நிட் கெப்ரூவுடன் சேர்ந்து 2018இல் ஆய்வை வெளியிட்டார். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் 3 நிறுவனங்களின் மென்பொருட்கள், வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சம் 0.8 விழுக்காடு தவறின. கருநிறப் பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை தவறின.

சாதி நிறத்தால் பிரிந்ததல்ல என்று அம்பேத்கர் விளக்கியிருக்கிறார். இரண்டும் ஒன்று என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அளவுகோலாக யாரை வைத்தார்கள் என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் பொருந்தும். அங்கே மென்பொருளுக்கு அந்த முகம் முகமாகத் தெரியவில்லை. இங்கே வகுப்பறைக்குக் காலனி கிராமமாகத் தெரியவில்லை.

நம் பிள்ளைகளுக்கு நெருக்கடி அதிகம். கட்டணத்துக்கு உதவித்தொகை வந்தாலும், எடிட்டிங் செய்யத்தக்க கணினியை அதை வைத்து வாங்க முடியாது. அதனால் மென்பொருளைக் கற்று வேலைக்குப் போனால் போதும், பண்பாட்டுக் கோட்பாடு எதற்கு என்று தோன்றுகிறது. வேலை கட்டாயம் வேண்டும். ஆனால் கோட்பாட்டு வகுப்பை விட்டுவிடாதீர்கள். "தலைப்பு கிராமம்தானே?" என்று கேட்பவருக்குப் பதில் சொல்லும் வாதம் அங்கேதான் கிடைக்கும். பாடத்தில் இல்லையென்றால் அம்பேத்கரை நீங்களே எடுத்துச் செல்லுங்கள். இந்தியக் கிராமத்தைப் பற்றி அவர் அளவுக்குத் தெளிவாகப் பேசியவர்கள் குறைவு.

படிப்பு முடித்து வேலையில் இருக்கும் தோழர்களிடமும் ஒரு வேண்டுகோள். பழைய கேமரா, மடிக்கணினி இருந்தால் மன்றத்துக்குக் கொடுங்கள். மாணவர்களின் படங்களைச் சேமிக்க ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கப் போகிறோம். இடமில்லை என்று இனி ஒரு படமும் அழியக் கூடாது.

அந்த மாணவி படத்தை மறுபடியும் எடுக்கச் சம்மதித்திருக்கிறார். அடுத்த ஆண்டு இதே நாளில் இங்கே திரையிடுவோம். தலைப்பு 'என் கிராமம்'தான்.

ஜெய்பீம்.