எஞ்சின் மாற்றமும் என் கணக்கும்



மரக்காணம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது உப்பு. பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி அவ்வூரே. ஒரு காலத்தில் அங்கு விளைந்த உப்பு படகேறிச் சென்றது, பின்னர் லாரியேறிற்று. அதற்கெல்லாம் நெடுங்காலம் முன்னரே, உமணர் எனப்பட்ட உப்பு வணிகர் தமிழகத்தின் கடற்கரைகளிலிருந்து மாட்டு வண்டிகளில் உப்பேற்றி உள்நாடு சென்றனர். புறநானூற்றில் ஔவையார் பாடிய பாடலொன்றில் அவர்களைப் பற்றி ஓர் அரிய செய்தி வருகிறது. மேடு பள்ளங்களில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று முன்னரே எண்ணி, வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுவார்களாம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். இச்செய்தியை வகுப்பறையில் பலமுறை எடுத்துச் சொன்னவன் நான். ஆயினும் ஒரு முறை நானே அதை மறந்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

1987-ஆம் ஆண்டு. நான் மரக்காணத்தில் இளம் அறிவியல் ஆசிரியனாக இருந்தேன். என் மாணவன் ஒருவனின் தந்தை வாடகைக் கார் ஓட்டி வந்தார். அது பெட்ரோலில் ஓடும் பழைய அம்பாசிடர் வண்டி. ஒரு நாள் மாலை அவர் என்னைத் தேடி வந்தார்.

“வாத்தியார் ஐயா, பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு டீசல் எஞ்சின் வைக்கலாம் என்கிறார்கள். பழைய எஞ்சின் ஒன்று விலைக்கு வருகிறது. வீட்டு நகையை அடகு வைக்க வேண்டும். நீங்கள் கணக்குப் போட்டுச் சொன்னால் துணிந்து இறங்குவேன்” என்றார்.

நான் கரும்பலகையின் முன் நின்றேன். அவர் வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடிற்று; டீசலில் 14 கிலோமீட்டர் ஓடும் என்றார்கள். அந்நாளில் டீசலின் விலை பெட்ரோல் விலையில் ஏறத்தாழப் பாதி. ஆகவே பெட்ரோலுக்கு 100 ரூபாய் செலவாகும் தூரத்தை டீசலில் 36 ரூபாயில் கடந்துவிடலாம். “தாராளமாக மாற்றுங்கள்” என்றேன். அவரும் மகிழ்ந்து சென்றார்.

டீசல் எஞ்சின் ஏன் குறைந்த எரிபொருளில் மிகுந்த தூரம் ஓடுகிறது? இதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். 1876-இல் ஜெர்மானியராகிய ஓட்டோ உருவாக்கிய நான்கு வீச்சு எஞ்சினின் வழிவந்ததே பெட்ரோல் எஞ்சின். அதில் காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து உருளைக்குள் சென்று, அந்நாளைய கார்களில் ஏழு அல்லது எட்டு மடங்கு அழுத்தப்பட்டு, மின்பொறியால் பற்றவைக்கப்படுகின்றன. ருடால்ஃப் டீசல் வேறு வழி கண்டார். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நீங்கள் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அழுத்தப்படும் காற்று சூடாகும். டீசல் எஞ்சினில் வெறுங் காற்றே உள்ளே செல்கிறது. சிறிய கார் எஞ்சினில் அது இருபது மடங்குக்கும் மேலாக அழுத்தப்படுவதுண்டு. அந்த வெப்பத்தில் டீசலைத் தூவியவுடன், பொறியின்றித் தானே பற்றிக்கொள்கிறது. மிகுந்த அழுத்தமே மிகுந்த பயனைத் தருகிறது. 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் சோதிக்கப்பட்ட அவருடைய எஞ்சின், எரிபொருளின் ஆற்றலில் கால் பங்குக்குச் சற்று அதிகமாகவே வேலையாக மாற்றிற்று. அந்நாளைய நீராவி எஞ்சின்கள் அதற்கு மிகவும் பின்தங்கியிருந்தன.

இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாகச் செய்யப்பட வேண்டும். அது மிகுதியாக அதிரும். அதனைச் சுழற்றித் தொடங்கி வைக்க வலிமை மிக்க மின்கலம் வேண்டும். பாடமாக அறிந்திருந்த இவற்றை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

முதல் இரண்டு திங்கள் வண்டி நன்றாகவே ஓடிற்று. பின்னர் முன்பக்கம் சிறிது தாழ்ந்தது. எஞ்சினைத் தாங்கிய இரும்பு, உப்புக் காற்றில் பல ஆண்டுகளாகத் துருவேறிய இரும்பு. புதிய அதிர்வில் அதில் கீறல் கண்டது. மின்கலமோ பழைய பெட்ரோல் எஞ்சினுக்கு என்று வாங்கிய சிறிய மின்கலம். அதன் முனைகளில் பச்சை பூத்திருந்தது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

கார்த்திகை மாதத்து மழை இரவு ஒன்று வந்தது. உப்பளப் பாத்திகள் யாவும் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தன. உப்பளத்தில் வேலை செய்யும் பெண்ணொருத்திக்குப் பேறுகால வலி கண்டு, நிலைமை கடுமையாயிற்று. முப்பது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள திண்டிவனத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். அவளைக் காரில் ஏற்றினர். அவர் சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்று ஓர் ஒலி கேட்டது, அவ்வளவுதான். மீண்டும் திருப்பினார், அதே ஒலி.

ஆரவாரம் கேட்டு நானும் ஓடினேன். சேற்றில் எட்டுப் பேர் சேர்ந்து வண்டியைத் தள்ளினோம். சக்கரம் புதைந்தது, பலகை வைத்து மீட்டோம். கடைசியில் கரையின் சரிவில் உருட்டியபோது எஞ்சின் உயிர்பெற்றது. அதற்குள் அரை மணி நேரம் கடந்துவிட்டது. இறையருளால் தாயும் சேயும் பிழைத்தனர். ஆனால் சேறு படிந்த கைகளோடு அங்கே நின்றபோது, அந்த அரை மணி நேரம் என் கணக்கில் எந்த வரியிலும் இல்லை என்பதை உணர்ந்தேன்.

சில நாட்கள் கழித்து, லாரிகளைப் பழுது பார்த்து முதிர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டு சென்றோம். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, “எஞ்சினை மாற்றியிருக்கிறீர்கள், வண்டியை மாற்றவில்லையே” என்றார். நான் ஆண்டுக்கணக்கில் படித்ததையெல்லாம் அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பெரிய மின்கலமும் தடித்த மின்கம்பிகளும் போடச் செய்தார். துருப்பிடித்த தாங்கியை அறுத்தெடுத்துப் புதிது வைத்தார். முன்பக்கத்தை உயர்த்தினார். கனம் கூடியதால் பிரேக்கையும் சோதித்தார். நுண்ணிய துளை வழியே டீசல் பாயவேண்டுமாதலால், தூசும் நீரும் புகாதவாறு வடிகட்டியையும் மாற்றினார். எஞ்சின் மாற்றத்தைப் பதிவுச் சான்றில் முறைப்படி பதியச் செய்யவும் அறிவுறுத்தினார். மிச்சமான பணமெல்லாம் இதற்கே போயிற்று. ஆயினும் அதன் பின்னர் அவ்வண்டி பல்லாண்டுகள் அக்குடும்பத்துக்குச் சோறு போட்டது. அடகு வைத்த நகையும் மீண்டது. எனவே மாற்றியது பிழையன்று. அரைக் கணக்கோடு மாற்றியதே பிழை.

மறுநாள் வகுப்பில் அதே கணக்கை மீண்டும் எழுதினேன். எரிபொருள் என்னும் ஒரு வரியின் கீழ் எடை, அதிர்வு, மின்கலம், பிரேக், துரு, சட்டம் என்று வரிகள் வளர்ந்தன. “ஐயா, முதலில் ஏன் இவற்றை எழுதவில்லை?” என்று ஒரு மாணவன் கேட்டான். “எனக்கு வேண்டிய விடை முதல் வரியிலேயே கிடைத்துவிட்டது, அதனால் நிறுத்திவிட்டேன்” என்றேன். அது வெட்கப்படத்தக்க விடைதான். ஆயினும் உண்மையான விடை.

இன்று காலம் மாறிவிட்டது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. பாதி விலை என்னும் பழைய கணக்கு இனிச் செல்லாது. டீசல் புகையின் தீங்கையும் நன்கு அறிந்துகொண்டோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52-ஆம் பிரிவு, விரும்பியபடி வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. மின்கலம், இயற்கை எரிவாயு போன்றவற்றில் ஓடுமாறு மாற்றுவதற்கு, உரிய விதிகளுக்கு உட்பட்டு, அதே பிரிவு இடம் தருகிறது. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டார் பொருத்துவது பற்றி உங்களில் சிலர் நாளை சிந்திக்கக்கூடும். நன்றே சிந்தியுங்கள். ஆனால் மின்கலத்தின் எடையை எது தாங்கும், பிரேக் போதுமா, கடற்கரை உப்புக் காற்று மின்கம்பியை என்ன செய்யும், நள்ளிரவில் ஒருவர் கதவைத் தட்டினால் வண்டி புறப்படுமா என்னும் வரிகளையும் எழுதிய பின்னரே கணக்கை முடியுங்கள்.

உமணர்கள் அச்சு முறிந்த பின் சேம அச்சைத் தேடவில்லை, புறப்படுமுன் கட்டிக்கொண்டார்கள். அந்த அறிவு நமக்கும் வேண்டும்.