சின்ன வண்டிக்கு நாலு டயர்

(மான்ட்ரியலில் கூடிய நம் கல்லூரி முன்னாள் மாணவர் குடும்பச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் நம் அழைப்பையும் ஏற்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அப்ளைடு மெக்கானிக்ஸ் பேராசிரியர் ஐயா அவர்களே, சீனியர்களே, என் செட்டு நண்பர்களே, தம்பி தங்கைகளே, குழந்தைகளே!

தலைப்பைச் சொன்னதும் நம் செயலாளர் சிரித்துவிட்டார். "அண்ணே, எல்லாரும் வாழ்க்கை, வெற்றி, தன்னம்பிக்கைன்னு பேசறாங்க. நீங்க டயரா?" என்றார். ஆமாம், டயர்தான். அதுவும் மிகச் சின்ன காரின் குளிர்கால டயர். நேற்று மாலை காபி நேரத்தில், இந்த வருஷம் இங்கே வேலைக்கு வந்த தம்பிகள் சிலரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஒருவர் பழைய ஸ்மார்ட் வாங்கியிருக்கிறார், இன்னொருவர் மிட்சுபிஷி மிராஜ். டயர் மாற்றியாச்சா என்று கேட்டேன். "சின்ன வண்டிதானேண்ணே, மெதுவாப் போனாப் போச்சு" என்றார் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது. 2006-ல் நான் சொன்ன அதே வார்த்தை.

என்னிடம் அப்போது இருந்தது ஸ்மார்ட் ஃபார்டூ, டீசல். இரண்டே ஸீட். இரண்டரை மீட்டர் நீளம், 730 கிலோ எடை, 799 சி.சி. எஞ்சின். எஞ்சின் பின்னால், ஓட்டுவதும் பின் சக்கரம். இந்த வண்டியில் ஒரு விசேஷம் உண்டு. முன் டயரும் பின் டயரும் ஒரே அளவு கிடையாது. முன்னால் 145/65 ஆர் 15, பின்னால் 175/55 ஆர் 15. நவம்பர் கடைசியில் சாவகாசமாகக் கடைக்குப் போனேன். பின் அளவு இருக்கிறது, முன் அளவு வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். நான் கணக்குப் போட்டேன். தள்ளுவது பின் சக்கரம்தானே? இரண்டு வாங்கினால் போதாதா? பணமும் பாதிதான். கடைக்காரர் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். எஞ்சினியருக்கே பாடம் சொல்ல வந்துவிட்டார் என்று எண்ணிக்கொண்டு, இரண்டு மட்டும் மாட்டச் சொல்லிவிட்டேன். அப்போது இங்கே கட்டாயச் சட்டமும் இல்லை.

ஜனவரி 2007. இரவுப் பணி முடித்த என் மனைவியை மருத்துவமனையிலிருந்து அழைத்துக்கொண்டு கோட் தெ நேஜ் சாலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெயருக்கே பனிச் சரிவு என்றுதான் அர்த்தம். காலை ஏழரை மணி, மைனஸ் 15 டிகிரி, முதல் நாள் பெய்த பனியை வண்டிகள் மிதித்துப் பளபளவென்று ஆக்கியிருந்தன. வேகம் நாற்பதுதான். கீழே சிக்னல் மஞ்சளானது. பிரேக் மிதித்தேன், ஸ்டீயரிங்கையும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினேன். ஸ்டீயரிங் திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேராகப் போனது. எதிரே பஸ் நிறுத்தத்தில் ஐந்தாறு பேர். ஒரு பாட்டியம்மா, கையில் ஒரு குழந்தை. அந்த இரண்டு விநாடியை நான் இன்னும் மறக்கவில்லை. நடைபாதை ஓரம் பனியை வாரிக் குவித்திருந்தார்கள். வண்டியின் மூக்கு அதில் போய்ப் புதைந்து நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

மனைவி கத்தவில்லை, திட்டவில்லை. வீடு வந்து கோட்டைக் கழற்றும்போதுதான் கேட்டாள்: "ஏங்க, முன் சக்கரம் ரெண்டும் நம்ம வண்டிது இல்லையா?"

பிறகு உட்கார்ந்து யோசித்தேன். தேங்காய் எண்ணெய் பாட்டிலை நினைத்துப் பாருங்கள். மார்கழி மாதம் ஹாஸ்டல் அறையில் காலையில் அது உறைந்து கிடக்கும். வெயிலில் வைத்து எடுத்தால்தான் தலைக்கு வரும். சாதாரண டயரின் ரப்பர் அப்படி ஒரேயடியாக உறைவதில்லை. ஆனால் குளிர ஆரம்பித்தால் கொஞ்சம் கொஞ்சமாக விறைக்கும். 7 டிகிரிக்குக் கீழே போனால் குளிர்கால டயருக்கு மாறு என்று டயர் கம்பெனிகள் சொல்வது அதனால்தான். பனி விழாத நாளிலும் இது பொருந்தும். குளிர்கால ரப்பரின் கலவையே வேறு. சிலிக்கா சேர்த்து, கடுங்குளிரிலும் வளைந்து கொடுக்கும்படி செய்கிறார்கள். மேல் கட்டைகளில் பிளேடால் கீறியதுபோல் நூற்றுக்கணக்கான கோடுகள் இருக்கும். வழுக்குத் தரையில் அவை விரிந்து விளிம்பு விளிம்பாகப் பற்றும். இது பழைய வித்தை. ஃபின்லாந்தில் 1934-லேயே லாரிக்குக் குளிர்கால டயர் செய்துவிட்டார்கள். 1936-ல் காருக்கும் வந்துவிட்டது.

இனி "சின்ன வண்டிதானே" என்ற பேச்சுக்கு வருகிறேன். ஐயா முன்னால் இருக்கிறார், தப்பாகச் சொன்னால் திருத்துவார். வழுக்கும் ரோட்டில் வண்டி நிற்கும் தூரம் என்பது வேகத்தின் வர்க்கம், வகுத்தல் இரண்டு மியூ ஜி. இதில் எடை எங்கே வருகிறது? வரவே வராது. 50 கிலோமீட்டர் வேகம், உராய்வுக் கெழு 0.3 என்று வைத்தால் 33 மீட்டரில் நிற்கும். 0.2 என்றால் 49 மீட்டர். உங்களுடையது 730 கிலோ ஸ்மார்ட்டாக இருந்தாலும் இரண்டு டன் வண்டியாக இருந்தாலும் இதே கணக்குதான். இதை நான் முதலாம் ஆண்டுப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியவன்!

இன்னொன்று. இரண்டு பேர் உட்கார்ந்தால் என் ஸ்மார்ட்டின் ஒவ்வொரு டயரிலும் ஏறத்தாழ 220 கிலோ பாரம். காற்றழுத்தம் சதுர செ.மீ.க்கு 2 கிலோ என்றால், ஒரு டயர் தரையைத் தொடுவது சுமார் 110 சதுர செ.மீ. நம் ஊர் போஸ்ட் கார்டு அளவுகூட வராது. அப்படி நான்கு கார்டின் மேல்தான் உயிர் ஓடுகிறது. அதில் முன்னால் இருந்த இரண்டைத்தான் நான் மிச்சம் பிடித்தேன். பிரேக் மிதித்தால் பாரம் முன்னால் சாய்கிறது, வண்டியைத் திருப்புவதும் முன் சக்கரம். பின்னால் மட்டும் நல்ல டயர் இருந்தால் கிளம்பும்போது ஜோராகக் கிளம்பும். நம்மை ஏமாற்றுவதே அதுதான். மிராஜ், மைக்ரா மாதிரி முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் முன்னால் மட்டும் மாற்றினால் நிலைமை இன்னும் மோசம். பின்பக்கம் பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும்.

சரி, வாங்குவது எப்படி?

முதலில் பக்கச் சுவரில் ஒரு படம் பாருங்கள். மூன்று முகடு உள்ள மலை, அதற்குள் பனித்துகள். 1999-ல் வந்த அடையாளம் இது. எம் பிளஸ் எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் நம்பாதீர்கள், அது டயரின் வெட்டு அமைப்பைப் பற்றிய சமாசாரம், சோதனை செய்து கொடுத்தது அல்ல. மலைப் படத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. மிதிபட்ட பனியில் வண்டி கிளம்பும் பிடிமானத்தைத்தான் அந்தச் சோதனை அளக்கிறது. நிற்கும் தூரத்தை அல்ல. 'ஆல் வெதர்' டயரிலும் இந்தப் படம் இருக்கும். சட்டத்துக்கு அது சரி. புயல் அடித்தால் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்களுக்கு அதுவே போதும் என்பேன். இரவுப் பணிக்குப் போகிறவர்கள் வீட்டில் வேண்டாம்.

கியூபெக்கில் 2008-லிருந்து குளிர்கால டயர் கட்டாயம். முதலில் டிசம்பர் 15 தொடக்கம் என்றிருந்தார்கள். 2019 முதல் டிசம்பர் 1-லிருந்து மார்ச் 15 வரை. 2014 டிசம்பரிலிருந்து அந்த மலைப் படம் வேண்டும். தவறினால் அபராதம் 200 டாலரிலிருந்து 300 டாலர் வரை. டொராண்டோவிலிருந்து வந்திருப்பவர்கள் தப்பித்தோம் என்று சிரிக்கிறீர்கள். உங்களுக்குக் கட்டாயம் இல்லைதான். ஆனால் 2016-லிருந்து ஒன்டாரியோ இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் குளிர்கால டயருக்குத் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

சின்ன வண்டிக்காரர்களுக்கு உள்ள உண்மையான கஷ்டம் அளவுதான். பெரிய வண்டிக்குப் பத்து கம்பெனி டயர் அடுக்கி வைத்திருப்பார்கள். நமக்கு ஒன்றோ இரண்டோ வரும், சில வருஷம் அதுவும் வராது. டயர் சின்னதாயிற்றே, மலிவாக இருக்கும் என்று போனால் ஏமாந்துதான் திரும்புவீர்கள். ஆகவே செப்டம்பரிலேயே சொல்லி வைக்க வேண்டும். "இந்த அளவு இல்லை, அதையே நாலுக்கும் போட்டுக்கலாம்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வாருங்கள். ஸ்மார்ட்டில் முன் ரிம் பின்னதைவிட ஒடுக்கம். அகல டயர் அதில் சரியாக உட்காராது. ஒடுக்கமான டயர் குறையும் இல்லை. சேறும் பனியும் கலந்த ரோட்டில் அது வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். முன் பின் மாற்றிப் போட முடியாது என்பதால் ஸ்மார்ட்டில் ஒரு ஜோடி முதலில் தேயும், அது தனிச் செலவு. ஸ்மார்ட் விற்பனை இங்கே 2019-ல் நின்றுவிட்டதால், பழைய வண்டி வாங்குகிறவர் அதோடு குளிர்கால டயர் ஸெட்டும் வருமா என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

அப்படிப் பழைய டயர் வந்தால் தேதி பாருங்கள். டாட் என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண்களில் கடைசி நாலு. 3519 என்றால் 2019-ம் வருஷம் 35-வது வாரம். வெட்டு ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பனி ரோட்டுக்கு ஆகாது. மொட்டை ஆகும்வரை ஓட்டுகிற நம் ஊர்ப் பழக்கம் இங்கே செல்லாது. முடிந்தால் தனி இரும்பு ரிம்மிலேயே மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் இரண்டு தடவை டயரை ரிம்மிலிருந்து பிடுங்கி மாட்டும் கூலி மிச்சம். ஆனால் ஸ்மார்ட் சக்கரத்துக்கு மூன்றே போல்ட்டு, மற்ற வண்டி ரிம் எதுவும் சேராது.

காற்று விஷயம் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன், சாம்பார் வாசனை வருகிறது. ஐந்தாறு டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ ஒரு பவுண்டு காற்று இறங்கும். 20 டிகிரி கராஜில் அடித்த காற்று, வெளியே மைனஸ் 15-ல் ஆறு பவுண்டு குறைந்திருக்கும். அதனால் வண்டி வெளியே நின்று குளிர்ந்த பிறகு பாருங்கள்.

அந்த 2007 ஜனவரியில், நடந்த மறுநாளே அதே கடைக்குப் போய் முன் டயர் இரண்டும் ஆர்டர் கொடுத்தேன். வர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை வண்டியை எடுக்கவில்லை. மனைவியை அழைத்துவர பஸ்ஸில் போனேன், அதே நிறுத்தத்தில் நின்று.

ஆழம் பார்க்கும் கேஜ் ஒன்று என் பையில் இருக்கிறது. சாப்பாடு முடிந்ததும் தம்பிகள் வண்டி நிறுத்துமிடத்துக்கு வாருங்கள், ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துவிடலாம். ஸ்மார்ட் முதலில்.