பரீட்சையில் தவறிய வைத்திய மாணாக்கர்

(போடிநாயக்கனூரில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



போடிமெட்டுக்கு அப்பாலுள்ள மலைச் சரிவுகளினின்று இறங்கி வரும் ஏலக்காயை நம்மூரில் சல்லடையிலிட்டுப் பருமன் வாரியாகப் பிரிக்கிறோம். 8 மில்லிமீட்டர் சல்லடையில் நின்றதற்கு உயர்ந்த விலை. விழுந்ததற்குத் தாழ்ந்த விலை. வியாபாரத்துக்கு இஃது ஏற்றதே. ஆனால் வைத்தியக் கல்லூரியில் முதலாண்டுப் பரீட்சையில் தவறிய பிள்ளையையும் நாம் சல்லடையினின்று விழுந்த காயாகவே எண்ணிவிடுகிறோம்.

2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, 6ஆம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிற் பயின்று நீட் தேர்வில் தேறியவர்க்கு வைத்தியப் படிப்பில் 100க்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிச் சட்டம் செய்தது. கூலி வேலை செய்வார் மக்களும் உட்புகுந்தனர். புகுந்தபின் நேர்வது யாது? 12 ஆண்டு தமிழிற் கற்றவன், உடற்கூறு, உடலியல், உயிர்வேதியியல் மூன்றையும் ஒருங்கே ஆங்கிலத்திற் கேட்கிறான். மொழி தடுமாறினால் அறிவு குறைந்தவன் என்பது பிழை. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தாரன்றோ!

பின்தங்கியோனை ஆண்டிறுதிவரை விட்டுவிடாமல், இடைத்தேர்விலேயே கண்டு, தனியே அழைத்து விசாரித்தல் வேண்டும். ஒருவன் எலும்பைக் கையிலெடுத்தால் அதன் கூறெல்லாம் அறிவான். ஆங்கிலத்தில் விடை சொல்ல நா எழாது. மற்றொருவன் பள்ளியிற் செய்தவாறே வரிக்கு வரி நெட்டுருப் போடுவான்; நூலின் பருமை அதற்கு இடங்கொடாது. இன்னொருவன் உறக்கமிழந்து மனமுடைந்திருப்பான். மூவர்க்கும் ‘இன்னும் படி’ என்று ஒரே மருந்து கொடுப்பது வைத்தியமாகாது. முதல்வனுக்கு நாடோறும் வாய்மொழிப் பயிற்சி; இரண்டாமவனுக்குப் புத்தகத்தை மூடிவிட்டுத் தன்னைத்தானே வினவிப் படம் வரைந்து கற்கும் பழக்கம்; மூன்றாமவனுக்கு முதலில் மனநல மருத்துவர் உதவி. குறித்த வாரங்கள் கழிந்தபின் மறுசோதனை. இவற்றுக்கெல்லாம் பொறுப்பேற்க ஓர் ஆசிரியர் இல்லையாயின், செய்யும் உதவி வெறும் ஆறுதலே.

தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி முதலாண்டுப் பரீட்சையை நான்கு முறை எழுதலாம். முடிவு வெளியானபின் விரைவில் நடக்கும் துணைத்தேர்வில் தேறினால் உடன்பயின்றோருடனேயே தொடரலாம். ஆதலின் இடைப்பட்ட சில வாரங்களே உயிர்நிலை. அவ்வாரங்களில் நம் வீடுகளில் நடப்பதோ, சுற்றத்தார்க்கு மறைப்பதும், ‘ஏலக் கடைக்கு வந்துவிடு’ என்பதும். நம் சங்கமும் தவறியவர்க்கு உபகாரச் சம்பளத்தை நிறுத்துகிறது. நோய் மிகுந்தபோது மருந்தை நிறுத்துவாருண்டோ?

அச்சம்பளம் துணைத்தேர்வு முடியும்வரையேனும் தொடர வேண்டும். நம்மவருள் வைத்தியராயிருப்போர் ஆளுக்கொரு மாணாக்கரை ஏற்க வேண்டும். தேனி அரசு மருத்துவக் கல்லூரி கானாவிலக்கில்தானே இருக்கிறது. வாரம் ஒருமுறை சென்று கண்டு வருதல் அரிதன்று. ஏற்க இசைவோர் இன்றே காரியதரிசி அவர்களிடம் பெயர் கொடுக்கும்படி வேண்டுகிறேன்.