கேட்கப் பழக்கி அனுப்புவோம்



ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இன்று இந்தியர்களே அதிகம். நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் அவர்களில் உண்டு. விண்ணப்பம், விசா, அதற்காகத் தனிக்கணக்கில் காட்ட வேண்டிய பணம் (2024 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு 11,904 யூரோ) இவற்றுக்கெல்லாம் வழிசொல்ல முகவர்கள் இருக்கிறார்கள். போய் இறங்கிய பிறகு? குளிர்காலப் பருவ வகுப்புகள் அக்டோபரில் தொடங்குகின்றன. டிசம்பரில் மாலை நான்கரைக்குள் இருட்டிவிடும். ஞாயிறன்று கடைகளும் மூடியிருக்கும். விடுதி அறையில் தனியே இருக்கும் பிள்ளைக்கு அந்த மாதங்கள்தாம் கடினம்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள்: "சார், இங்க யாரும் வந்து கேக்க மாட்டாங்க. நாமதான் போய்க் கேக்கணும்."

உதவி இல்லாமல் இல்லை. பேராசிரியரைச் சந்திக்கத் தனி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். புதியவருக்கு மூத்த மாணவரைத் துணையாக்கும் ஏற்பாடும் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. ஆனால் நாமே பெயர் கொடுக்க வேண்டும். முதல் பருவம் முழுக்க அவள் கொடுக்கவில்லை. கூச்சம். இரண்டாம் பருவத்தில் கொடுத்தாள். இப்போது புதிதாக வருபவர்களுக்கு அவளே துணை. வகுப்பில் பேசாமல் இருப்பது இங்கே மரியாதை. அங்கே 'புரிந்துவிட்டது' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆங்கிலப் பயிற்சியைவிட இது அவசரம் என்பது என் கருத்து. எட்டாம் வகுப்பிலிருந்தே வாரம் ஒருமுறை, புரியாத ஒன்றை ஒவ்வொருவரும் எழுந்து கேட்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பில், அறிமுகமில்லாத ஒரு கல்லூரிப் பேராசிரியருக்குச் சந்தேகம் கேட்டு ஐந்து வரி மின்னஞ்சல் எழுதட்டும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து மறுபடி எழுதவும் சொல்லுங்கள். சோறு வடிக்கவும் தெரிந்திருக்கட்டும், ஆண்பிள்ளைகளுக்கும்தான்.