முன்வாசலா? பின்கட்டா?

நடுவர் அவர்களே! முன்வாசலுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே!

பழைய வீட்டில் முதலில் செலவு செய்ய வேண்டிய இடம் முன்வாசலா, பின்கட்டா என்பது தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய தங்கை, "முன்வாசல்தான் குடும்பத்தின் முகம்" என்றார். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முகத்தைக் கழுவப் பின்கட்டுக்குத்தானேம்மா போகணும்? (சிரிப்பு)

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். எங்கள் பூர்வீக வீட்டில் கிணற்றடியைத் தாண்டி ஒரு பழைய குளியலறை. செப்பு அண்டா, சிமெண்டுத் தொட்டி, தேய்ந்து வழவழத்த ஒரு கல். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்து அந்தக் கல்லில் உட்கார்ந்தால், உட்கார்ந்த இடத்தில் எழுந்திருக்க மாட்டோம். வழுக்கிக்கொண்டே போய் வாசலில்தான் எழுந்திருப்போம்! (சிரிப்பு) அதற்கும் பின்னால், கும்மிருட்டில், கக்கூஸ்.

நான் சம்பாதித்து வீட்டுக்குச் செலவு செய்தேன். எங்கே? முன்வாசலில்! தேக்குக் கதவு, கிரில் கேட், கேட்டில் என் பெயர், பெயருக்கு முன்னால் 'முனைவர்'. தெருவே பாராட்டியது.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் அம்மா டம்ளரைத் தள்ளி வைத்தாள். "ஏம்மா, தண்ணி குடிக்கலையா?" என்றேன்.

"பொழுது சாஞ்சா நான் தண்ணி குடிக்கிறதில்லய்யா. ராத்திரி எந்திரிச்சு அம்புட்டுத் தூரம் இருட்டுல போகணும். கல்லு வேற வழுக்குது. ஒருக்கா விழுந்துட்டேன். நீ வேலையா இருப்பேன்னு சொல்லல."

நடுவர் அவர்களே, மேடை மேடையாகப் பேசுகிறவனுக்கு அன்றைக்குப் பேச்சு வரவில்லை.

எங்கள் பக்கம் எத்தனையோ வீடுகளில் பென்னிகுயிக் படம் மாட்டியிருப்பார்கள். மேற்கே ஓடிய பெரியாற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895-இல் எங்கள் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் கொடுத்தவர். எங்கோ பிறந்த ஒருவர் மலையைத் தாண்டித் தண்ணீர் கொண்டுவந்தார். அவள் பெற்ற பிள்ளை நான், என் அம்மா ஒரு டம்ளர் தண்ணீரைப் பயமில்லாமல் குடிக்க வழி செய்யவில்லையே! (கைதட்டல்)

மறுநாளே மேஸ்திரியைக் கூப்பிட்டேன். என் மனைவி, "ஏங்க, டைல்ஸ் பளபளன்னு இருக்கட்டும்" என்றாள். மேஸ்திரி சொன்னார்: "அம்மா, பளபளப்பு நடுவீட்டுக்கு. ஈரம் படுற இடத்துக்குச் சொரசொரப்புதான்." எனக்கு முனைவர் பட்டம் கொடுத்தவர்கள் அவரைப் பார்க்கவில்லை! (சிரிப்பு)

வழுக்குக் கல்லைப் பெயர்த்தார். தண்ணீர் தேங்காமல் கழிவுத் துளையை நோக்கித் தரைக்குச் சரிவு கொடுத்தார். கசிவுக்குப் பூச்சு பூசி, துளையை அடைத்து, ஒருநாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிப் பார்த்தார். சுவரில் ஈரம் ஏறவில்லை என்று தெரிந்த பிறகுதான் டைல்ஸ். அறைக்குள்ளேயே நாற்காலி மாதிரி உட்காரும் கக்கூஸ். பக்கத்துச் சுவரில் எவர்சில்வர் கைப்பிடி. கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தார். "ஏன்?" என்றேன். "உள்ள யாராச்சும் விழுந்து கிடந்தா, உள்பக்கம் தள்ளுற கதவு அவங்க மேலயே முட்டும்ய்யா" என்றார். பின்கதவிலிருந்து அங்கே வரைக்கும் படியில்லாத பாதை, மேலே கூரை, ராத்திரி முழுக்க ஒரு விளக்கு.

எதிரணியில் கேட்டார்கள்: "பெண் பார்க்க வருகிறவர்கள் முன்வாசலைத்தானே பார்ப்பார்கள்?" பார்க்கட்டும்! ஆனால் வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். வாழ வருகிற பெண் பின்கட்டில்தான் வாழணும். தண்ணீரைக் குறைத்து, சிறுநீரை அடக்கி அடக்கி, நீர்க்கடுப்பிலும் சிறுநீரகக் கல்லிலும் அவதிப்படுகிற பெண்களை எந்தத் தேக்குக் கதவு காப்பாற்றும்?

வேலை முடிந்த அன்று இரவு, அம்மா சாப்பிட்டுவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்குய்யா" என்றாள். எனக்குக் கிடைத்த பட்டங்களில் அதுதான் பெரிய பட்டம்.

முன்வாசல், வருகிறவர்களுக்கு நாம் காட்டுகிற மரியாதை. பின்கட்டு, வாழ்கிறவர்களுக்கு நாம் காட்டுகிற மரியாதை. வாழ்கிறவர்களே முதலில் என்று கூறி, நல்ல தீர்ப்பை வேண்டி அமர்கிறேன்.