விசிறித் தொண்டை ஓணான்

சிறுவயதில், திண்டுக்கல் மலைக்கு அப்பாலுள்ள மானாவாரி நிலத்தில் விசிறித் தொண்டை ஓணான் ஒன்றைப் பிடித்துக் கண்ணாடிச் சாடியில் வளர்த்தேன். (தென் தமிழகத்தில் வாழும் இதன் உறவினம் ஒன்றிற்கு 2016-இல் மருதம், நெய்தல் என்னும் திணைப் பெயர்களையே அறிஞர் சூட்டினர்.) மணலும் புல்லும் இட்டேன், எறும்புகளும் தந்தேன். வேனிலில் கல்மீதேறித் தொண்டைச் சவ்வை விசிறிபோல் விரித்துப் பெண்ணை அழைப்பது ஆணின் வழக்கம். என் சாடியில் அது ஒருமுறையும் விரித்ததில்லை. சன்னல் வெயில் போதுமென்றிருந்தேன். எலும்பு உறுதிபெற உதவும் புற ஊதாக் கதிர்களைக் கண்ணாடி பெரிதும் தடுத்துவிடும் என்பதைப் பின்னரே கற்றேன். ஒன்பதாம் நாள் எறும்பையும் தீண்டவில்லை. அஞ்சிப்போய், பிடித்த இடத்திலேயே விட்டேன். பின்கால் இரண்டில் எழுந்து விரையும் உயிர், அன்று நான்கு காலாலும் ஊர்ந்தே புல்லுள் மறைந்தது.