மீனா, மாவா, பாலா?

பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை



"எனக்கு மீன் ஒத்துக்கொள்ளாது" என்று சொல்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். திருகோணமலையில் பிறந்தவள் மீனை விடுவது சின்னக் காரியமா? ஆனால் எந்த மீன், எத்தனை தரம், அன்றைக்கு வேறு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் பதில் வராது.

பதிலை வீட்டிலேயே தேடலாம். கலிபோர்னியாவில் அல்பர்ட் ரோ என்ற வைத்தியர் 1920களில் முறைப்படுத்திய வழி அது. சந்தேகமான உணவை இரண்டு முதல் நான்கு கிழமை அடியோடு நிறுத்த வேண்டும். தொல்லை குறைந்தால் அதையே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு உணவு, அதற்கு மூன்று நாள். இந்த இரண்டாம் பாதிதான் பரிசோதனை. பலர் முதல் பாதியோடு நின்று, ஆயுள் முழுதும் பத்தியம் காக்கிறார்கள்.

நிறுத்துவதும் லேசில்லை. சீனக்குடா மா ஆலை 1980 முதல் ஓடுகிறது. கோதுமை மா பாணில் மட்டுமா, இடியப்பத்திலும் பிட்டிலும் கலக்கிறோம். பெருங்காயத்தூளிலும் இருக்கலாம். பாலை விட்டால் பால்மாத் தேத்தண்ணியோடு பிஸ்கற்றையும் பார்க்க வேண்டும். மீனை விட்டவர் சம்பலில் மாசியை மறந்துவிடுவார். கடைச் சாப்பாடு அந்த நாட்களில் வேண்டாம். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருப்பவர்களுக்கு ஒரு வசதி: பொதி உணவில் இவை இருந்தால் லேபலில் குறிப்பிட வேண்டும் என்பது அங்கே சட்டம்.

ஒரு கொப்பி வையுங்கள். சாப்பிட்டது, நேரம், வந்த தொல்லை, மீன் என்றால் வாங்கிய இடமும் நேரமும். ஏன் என்று சொல்கிறேன். சூரை, கும்பளா, சாளை போன்றவை ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் பக்ரீறியாக்கள் அவற்றில் ஹிஸ்டமினை உண்டாக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. முகம் சிவக்கும், தலையிடிக்கும், தடிப்பு வரும். அலர்ஜி போலவே இருக்கும். ஒரே கறியைச் சாப்பிட்ட மூன்று பேருக்கு ஒன்றாக வந்தால் அலர்ஜியை விட மீனின் பழுதையே முதலில் சந்தேகியுங்கள். அந்த அம்மாவுக்கு நல்ல ஐஸில் வைத்த மீன் ஒத்துக்கொள்ளக்கூடும்.

பாலிலும் அப்படியொரு வித்தியாசம் உண்டு. பால் குடித்தால் வயிறு ஊதுகிறது, மூதூர் எருமைத் தயிர் ஒன்றும் செய்யவில்லை என்றால், பெரும்பாலும் பாலிலுள்ள லக்ரோஸ் செரிக்காத குறைதான். அதற்குப் பால் சாமான் முழுவதையும் விலக்கத் தேவையில்லை.

இனிக் கவனமாகக் கேளுங்கள். எந்த உணவாலாவது உதடு, தொண்டை வீங்கியோ மூச்சு முட்டியோ இருந்தால் அதை வீட்டில் திரும்பச் சாப்பிட்டுப் பார்க்கவே கூடாது. வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும். கோதுமையில் சீலியாக் நோயைச் சந்தேகித்தால் முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகுதான் நிறுத்துவது. முந்தி நிறுத்தினால் பரிசோதனையில் நோய் தெரியாமற் போகலாம். வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள்.